எந்த ஊர் மணி?

நாடுகாணிக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர் என்று கல்லில் எழுதியிருந்தது. ராஜு எனக்கு முப்பதடி முன்னால் ஏறிக்கொண்டிருந்தான். நான் வேகத்தைக் கூட்டினால் அவனும் கூட்டினான். மூச்சு வாங்கி நான் நின்றபோது அவன் நிற்கவில்லை. மண் சரிந்து கிடந்ததால் அந்த மலைப்பாதையில் வண்டிகளை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் விட்டார்கள். காத்திருக்க எங்கள் இருவருக்குமே பொறுமை இல்லை. அதனால் அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டோம், தனித்தனியாக.

முந்தின நாள் காலையில் இதே பாதையில் மூன்று பேராக இறங்கியிருந்தோம். ராஜுவின் தலையில் தகரப் பெட்டி; பின்னால் அவன் மனைவி செல்வராணி, கையில் புதுச் செருப்பு; கடைசியாக நான். இப்போது பெட்டியும் இல்லை, அவளும் இல்லை. அவள் குவைத்துக்குள் நுழைந்தாளா, இல்லை வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டாளா என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் நான்.

இதை இப்போது எழுதக் காரணம், நான் இப்போது இருக்கும் அரவேணுவில் என் பக்கத்து வீட்டுப் பெண். ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறாள். போன வாரம் போனில் இரண்டு ஊர்களின் பெயரைத் தட்டினாள். இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்று ஒரு வரியில் வந்துவிட்டது. "நீங்க ட்ராவல்ஸ்ல இருந்தப்ப இதை எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள். நூலை வைத்து என்றேன். சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் ஏழாவதோடு நின்றவன். இலங்கையில் பிறந்து, எட்டு வயதில் பெற்றோரோடு கப்பலேறி, நாடுகாணிக்கு அருகே வெள்ளைப்பாறை எஸ்டேட் லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தேன். பதினேழு வயதில் அங்கிருந்து கிளம்பிவிட்டேன். திருப்பூரில் பனியன் மடித்தேன், மைசூரில் ஓட்டலில் தட்டு கழுவினேன், லாரியில் கிளீனராக இரண்டு வருடம் ஓடினேன். பட்டினியும் கிடந்தேன், அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கடைசியில் கூடலூர் பஜாரில் ஒரு ட்ராவல்ஸ் கடையில் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தது. தேயிலை விலை விழுந்துகொண்டிருந்த காலம். கொழுந்தைப் பறித்து விற்பதைவிடச் செடியிலேயே விட்டுவிடலாம் என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். மலையை விட்டு வெளிநாடு போகிறவர்கள் கூடிக்கொண்டே வந்தார்கள். எங்கள் கடையில் மட்டும் கூட்டம்.

கடையின் சொந்தக்காரர் ஊட்டி பெர்ன்ஹில்லில் இருந்தார். கடையை நடத்தியவர் ஈஸ்வரமூர்த்தி சார், கோயம்புத்தூர்க்காரர். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. டிக்கெட் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் டிக்கெட்டோடு தமிழில் ஒரு துண்டுச் சீட்டும் எழுதிக் கொடுப்பார். நம் ஊர் நேரம் நீலத்தில், போய்ச் சேரும் ஊர் நேரம் சிவப்பில், வானத்தில் இருக்கும் நேரம் கீழே தனியாக, அடிக்கோடிட்டு. சீட்டைக் கொடுத்துவிட்டு, "ஏனுங்க, இப்ப நான் எழுதினதை நீங்க எனக்குப் படிச்சுக் காட்டுங்க" என்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் வாயால் சொல்ல வைப்பார். தவறாகச் சொன்னால் கோபிக்க மாட்டார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

கடையில் ஒரு பெரிய உலக உருண்டை இருந்தது. அதைத் துடைப்பதும் என் வேலை. உருண்டையின் நடு வயிற்றைச் சரியாக ஒரு சுற்று சுற்றி வரும் நீளத்துக்கு ஒரு நூலை வெட்டி, அதை நாற்பது பாகமாக மையால் குறித்து வைத்திருந்தார் சார். பூமியின் சுற்றளவு நாற்பதாயிரம் கிலோமீட்டர், ஆகவே குறிக்குக் குறி ஆயிரம். இரண்டு ஊருக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் தூரம் தெரிந்துவிடும். அவர் வெளியே போன நேரத்தில் நான் நூலை எடுத்து அளந்துகொண்டே இருப்பேன். கோழிக்கோட்டிலிருந்து குவைத் மூன்றரைக் குறி. கொழும்பிலிருந்து கூடலூர் அரைக் குறிக்குக் கொஞ்சம் மேல். அந்த அரைக் குறியைக் கடக்க, கப்பல், முகாம், ரயில், லாரி என்று எங்கள் குடும்பத்துக்குப் பதினொரு நாள் ஆனது. சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தில் நேர்கோடாகத் தெரிந்த வழியில் நூல் போகவில்லை, வளைந்து போனது. அதை நான் ஒரு வாரம் யோசித்தேன்.

ஒருநாள் ஒரு டிக்கெட்டைப் பார்த்துக் குழம்பிப் போனேன். போகும்போது கோழிக்கோட்டில் மதியம் ஒரு மணிக்கு ஏறி, குவைத்தில் மூன்றே இருபதுக்கு இறங்குகிறது. வரும்போது பன்னிரண்டரைக்கு ஏறி, இரவு ஏழு இருபத்தைந்துக்கு இறங்குகிறது. போக இரண்டு மணி இருபது நிமிடம். வர ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் குறைவு. அதே வானம், அதே மூன்றரைக் குறி.

"திரும்பி வர்றப்ப மேடா சார்?" என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிக்கவில்லை. "ஒரு மணி எந்த ஊர் மணிங்க?" என்றார்.

"கோழிக்கோட்டு மணி."

"மூணே இருபது?"

அப்போது எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. பள்ளியில் படித்ததால் அல்ல, வெள்ளைப்பாறையில் வளர்ந்ததால். எங்கள் எஸ்டேட் ஃபேக்டரிக் கடிகாரத்தை எந்தக் காலத்திலிருந்தோ அரை மணி முன்னால் வைத்திருந்தார்கள், ஆட்கள் வெளிச்சம் வருமுன் பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டும் என்பதற்காக. பெரட்டு என்றால் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். சங்கு அந்தக் கடிகாரப்படிதான் ஊதும். அதனால் லயத்தில் எல்லோருக்கும் இரண்டு மணி உண்டு: தோட்ட மணி, கடை மணி. தோட்டத்தில் ஆறரை என்றால் நாடுகாணி டீக்கடையில் ஆறு. பஸ்ஸுக்குப் போகிறவன் கடை மணிக்குப் போவான், வேலைக்குப் போகிறவன் தோட்ட மணிக்குப் போவான். நாங்கள் ஒருவரும் குழம்பியதில்லை.

"குவைத்து நமக்கு ரெண்டரை மணி பின்னால. அப்ப நாம தோட்டம், அவங்க கடை" என்றேன்.

தோட்டம், கடை என்றது அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்படீன்னா வானத்துல எவ்வளவு நேரம்?" என்றார். போக நாலு மணி ஐம்பது, வர நாலு மணி இருபத்தைந்து என்று கூட்டிக் கழித்துச் சொன்னேன். அந்த இருபத்தைந்து நிமிட வித்தியாசம் ஏன் என்றும் கேட்டேன். "மேலே காத்து மேற்கிலிருந்து அடிக்குதுங்க. வர்றப்ப பின்னால இருந்து தள்ளுது." மறுநாள் துடைப்பத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு பேனாவை என்னிடம் கொடுத்தார். கூடவே ஒரு விதி. "மணி எழுதினா எந்த ஊர் மணின்னு பக்கத்துல எழுதாம விடக் கூடாதுங்க. தெரிஞ்சவங்கன்னாலும் எழுதணும். தெரிஞ்சவங்களுக்குத்தான் கண்டிப்பா எழுதணும்."

இரண்டு வருடம் எழுதினேன். ஒரு சீட்டில் மட்டும் எழுதாமல் விட்டேன்.

செல்வராணி வெள்ளைப்பாறை லயத்துப் பெண். நான் ஊரைவிட்டுப் போகும்போது சிறுமி. குவைத்தில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை கிடைத்திருந்தது. பாஸ்போர்ட் எங்கெங்கோ சுற்றி மெதுவாக வந்து சேர்ந்ததில் விசா முடியும் நாள் நெருங்கிவிட்டது. டிக்கெட்டில் கிடைத்த பயண நாள்தான் உள்ளே நுழைவதற்குக் கடைசி நாள். அன்று இரவு பன்னிரண்டுக்குள் அந்த ஊர் முத்திரை விழ வேண்டும். விழவில்லை என்றால் வேலை வேறொருத்திக்கு. மதியம் ஒரு மணி விமானம் என்பதால் நிறைய நேரம் இருந்தது. மலைப்பாதையில் மட்டும்தான் சிக்கல். காலை ஆறேகாலுக்கு இறங்கும் வண்டிகளை விடுவார்கள்; தவறினால் அடுத்தது ஒன்பதேகாலுக்கு. எங்கள் ஜீப் நாடுகாணி முக்குக்கு ஆறு மணிக்கு வரும்.

அவளுக்குச் சீட்டு எழுதும்போது எனக்கு ஒரு பெருமை. இந்தப் பெண்ணுக்கு எது சுலபம் என்று எனக்கல்லவா தெரியும். சங்கைக் கேட்டுப் புறப்படுகிறவளிடம் கடை மணியைச் சொல்லி ஏன் குழப்ப வேண்டும்? ஆறு என்பதை மனதில் ஆறரையாக மாற்றி, "6.30, முக்கு" என்று நீலத்தில் எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. அவள் படித்துக் காட்டினாள். சரியாகத்தான் படித்தாள்.

எனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. வெள்ளைப்பாறை ஃபேக்டரி இரண்டு மாதத்துக்கு முன்பே மூடப்பட்டிருந்தது. சங்கு இல்லை, பெரட்டு இல்லை. லயத்தில் எல்லோரும் ரேடியோவைக் கேட்டுக் கடிகாரம் வைத்துக்கொண்டு கூலி வேலை தேடிக் கடைத்தெருவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். தோட்ட மணி என்ற ஒன்று உலகத்தில் என் தலையைத் தவிர வேறெங்கும் இல்லை.

ஆறு மணிக்கு ஜீப்பில் முக்குக்கு வந்தேன். அவளைக் காணோம். உள்ளே இன்னும் இரண்டு பயணிகள் இருந்தார்கள். ஆறு பன்னிரண்டுக்கு அவர்களை அனுப்பிவிட்டு நான் மட்டும் இறங்கி நின்றேன். ஆறு இருபத்தெட்டுக்கு மழைக்குள் ராஜு பெட்டியோடு வந்தான், பின்னால் அவள்.

"இன்னும் ரெண்டு நிமிசம் இருக்குண்ணே" என்று சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைக் காட்டினாள். பயணத்துக்காக வாங்கிய புதுக் கடிகாரம். "ரேடியோவுல வச்சது."

நான் ஏதும் சொல்வதற்கு முன் ராஜு புரிந்துகொண்டான். அவனும் தோட்டத்தில் வளர்ந்தவன்தானே.

"என்னா மணி எழுதின நீ? தோட்ட மணியா?"

"ஆமா."

"தோட்டமே இல்ல, தோட்ட மணி எங்கருந்துடா வந்துச்சு? செத்தவனுக்கு லெட்டர் போட்டாப்புல!"

ஒன்பதேகால் வரை காத்திருப்பதைவிட நடந்தால் சீக்கிரம் சேரலாம். பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்தோம். செல்வராணி புதுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். அடிவாரத்தில் பஸ், நிலம்பூரில் வேறு பஸ், மஞ்சேரியில் இன்னொன்று. கரிப்பூர் விமான நிலையத்து மேட்டில் ஏறும்போது பன்னிரண்டே இருபது. கவுண்டரைப் பன்னிரண்டுக்கே மூடிவிட்டார்கள்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து சாருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. "அங்கயே நில்லுங்க, அரை மணி கழிச்சுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டபோது, வேறொரு விமானத்தில் ஓர் இடம் பிடித்துவிட்டதாகவும் இரவு எட்டு ஐம்பதுக்குப் புறப்படும் என்றும் சொன்னார்.

வெளியே வந்து சொன்னதும் ராஜு விரல்விட்டு எண்ணினான். "எத்தன மணி நேரம் பறக்கும்?"

"நாலு ஐம்பது."

"எட்டு ஐம்பதோட நாலு ஐம்பது. ஒண்ணு நாப்பது. மறுநாளாயிரும். விசா இன்னிக்கு ராத்திரி பன்னெண்டோட செத்துரும். எதுக்குடா அனுப்புற? போயி அவ அங்க நின்னு அழுவவா?"

செல்வராணி பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. செருப்பில் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "விடுங்க. ஊட்டுக்குப் போவோம்" என்றாள்.

"ராஜு, ஒண்ணு நாப்பதுன்னு சொன்னியே, எந்த ஊர் மணி?" என்றேன்.

"எந்த ஊரா இருந்தா என்னா, மணி மணிதான்."

"சங்கு ஆறரைக்கு ஊதுறப்ப கடையில மணி என்ன?"

"ஆறு."

"நீ இப்ப தோட்டத்துல நின்னு எண்ணுற. விசா கடையில இருக்கு. அங்க ரெண்டரை மணி பின்னால. ஒண்ணு நாப்பதுல ரெண்டரையக் கழி."

அவன் கழிக்கவில்லை. செல்வராணி கழித்தாள். உதடு அசைந்தது. "பதினொண்ணு பத்து" என்றாள். குச்சியைக் கீழே போட்டாள். "அப்ப அம்பது நிமிசம் இருக்குண்ணே."

"இருக்கு. இறங்குன உடனே ஓடு. கழிப்பறைக்குக்கூடப் போகாத. மொதல்ல முத்திரை."

"கூட்டமா இருந்தா?"

ஐந்தரைக்கு உள்ளே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, கடிகாரத்தைக் கழற்றி, முள்ளைத் திருப்பி வைத்துக்கொண்டு எங்களுக்குக் காட்டினாள். தூரத்தில் எத்தனை மணி வைத்தாள் என்று தெரியவில்லை. ராஜு கையைத் தூக்கவில்லை. அன்றிரவு நிலம்பூர் பஸ் நிலையத்தில் ஆளுக்கொரு பெஞ்சில் படுத்தோம்.

இப்படித்தான் மறுநாள் நாடுகாணி மேட்டில் முப்பதடி இடைவெளியில் ஏறிக்கொண்டிருந்தோம். நடக்கிறபோது நான் என்ன யோசித்தேன் என்பதைச் சொன்னால் தவறாக நினைக்கலாம். வருத்தம் இருந்தது. ஆனாலும் தலை தன்பாட்டில் கணக்குப் போட்டது. மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு நாலு மணி ஐம்பது. நாடுகாணியிலிருந்து கரிப்பூருக்கு நூறு கிலோமீட்டருக்குள், அதற்கு நாங்கள் எடுத்தது ஆறு மணிக்குப் பத்து நிமிடம் குறைவு. இரண்டரை மணியைக் கேட்காமலே கொடுக்கிற உலகத்தில் அரை மணியை யார் தின்றது? நான்தான்.

நாடுகாணியில் ராஜு திரும்பிப் பார்க்காமல் எஸ்டேட் பாதையில் இறங்கிவிட்டான். நான் கூடலூருக்கு பஸ் ஏறினேன்.

சார் மேஜையில் ஒரு தாள் இருந்தது. குவைத்துக் கம்பெனியிலிருந்து வந்த தகவல். "உக்காருங்க சிவலிங்கம்" என்றார். நான் உட்காரவில்லை.

"முத்திரை விழுந்தது பதினொண்ணு நாப்பத்தாறு" என்று படித்தார். பிறகு தலையைத் தூக்கி, "அந்த ஊர் மணி" என்றார்.

அப்போதுதான் உட்கார்ந்தேன்.

அவர் பேனாக்களை வரிசையாக வைத்தார். "முதலாளி பெர்ன்ஹில்லருந்து பேசினாருங்க. ரெண்டாவது டிக்கெட்டு கடை தலையில விழுந்துருச்சு. உங்களை வெச்சுக்க வேண்டாம்னு சொல்லிட்டாருங்க."

"சரிங்க சார்."

"நான் பேசிப் பாத்தேன்."

"சரிங்க."

நான் எழுந்தபோது கோப்பைத் திறந்து, செல்வராணிக்கு நான் எழுதிய சீட்டின் கார்பன் நகலை எடுத்து என் முன் வைத்தார். நீலப் பேனாவையும் நீட்டினார். "இது கோப்புல இருக்கும். எந்த ஊர் மணின்னு எழுதிட்டுப் போங்க."

6.30 என்பதற்குப் பக்கத்தில் "தோட்ட மணி" என்று எழுதினேன். அவர் அதை ஒரு தடவை படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார். அவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

செய்தியைச் சொல்ல வெள்ளைப்பாறைக்குப் போனேன். பதினான்கு வருடத்துக்குப் பிறகு அந்த லயத்துக்குள் நுழைகிறேன். ராஜு வாசலில் உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டிருந்தான். பதினொன்று நாற்பத்தாறு என்றேன். கோடரியைக் கீழே வைத்தான். தலையை ஒரு முறை ஆட்டினான். உள்ளே போனான். தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. வெளியே வரவில்லை.

திரும்பும்போது ஃபேக்டரி வாசலில் ஆபீஸ் கிளார்க் தங்கவேலு என்னை அடையாளம் கண்டுகொண்டார். மூடிய பிறகும் சம்பளத்துக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான். மெஷின்களைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள், பகல் காவலுக்கு ஆள் வேண்டும், வருகிறாயா என்றார். கரண்டை வெட்டிவிட்டதால் சங்கு ஊதாது. அதற்குப் பதில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் மணிக்கொரு தடவை அடிக்க வேண்டும், காவல் இருக்கிறது என்று வெளியே தெரிவதற்காக. எனக்கு வேறு இடம் எதுவும் மனதில் இல்லை. சரி என்றேன்.

மறுநாள் விடிவதற்குள் போய்விட்டேன். தங்கவேலு சாவியைக் கொடுத்தார். சுவர்க் கடிகாரம் நின்று போயிருந்தது. சாவி கொடுத்து ஓட விட்டார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, முள்ளை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்.

"எதுக்குங்க?" என்றேன்.

"வழக்கம்ப்பா."

"பெரட்டுக்கு யாரு வர்றா?"

"யாரும் வரல. வழக்கம்ங்கறேன்ல."

அவர் போன பிறகு கடிகாரத்தை நான் தொடவில்லை. அது அவருடையது. காவல் அறையில் ஒரு சின்ன ரேடியோ இருந்தது. ஆறு மணி என்று அது சொன்னதும் வெளியே போய்ச் சுத்தியலை எடுத்து ஆறு அடி அடித்தேன். ஈரக் காற்றில் சத்தம் நன்றாகப் போனது. கீழே லயத்தில் இரண்டு கதவு திறந்தது. ஒன்றில் ராஜு, வாயில் வேப்பங்குச்சியோடு. மேட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்ததும் குச்சியை எடுத்தான்.

"இது எந்த மணி?" என்று கத்தினான்.

"ரேடியோ மணி!"

குச்சியை மேற்கே நீட்டினான்.

"அங்க?"

"மூணரை!"

துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான். "அப்பத் தூங்கிக்கிட்டு இருப்பா" என்றான். "மெதுவா அடிக்கிறதுதானே."